கொசு கடித்தால் விபத்து இல்லையாம்

என் அக்காவின் பேரன் அடுத்த வாரம் நைஜீரியா போகிறான். லாகோஸில் ஒரு வருட வேலை. செல்போன் டவர் சம்பந்தப்பட்டது. மாதத்தில் பாதி நாள் ஊருக்கு வெளியேதான் சுற்ற வேண்டியிருக்கும் என்கிறான். சொல்லிக்கொள்ள வந்தவனிடம், "மலேரியாவுக்கு என்னடா ஏற்பாடு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஊசி போட்டாச்சு தாத்தா. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல. மஞ்சள் கலர் புக்கு கூட குடுத்துட்டாங்க" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.

அது மஞ்சள் காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி. (மஞ்சள் காமாலை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு.) மலேரியாவுக்கும் அதற்கும் உள்ள ஒரே உறவு, இரண்டையும் கொண்டுவருவது கொசு என்பதுதான். அந்தக் கொசுவும் வேறு வேறு ஜாதி. மலேரியாவுக்குத் தடுப்பூசி இப்போது வந்திருக்கிறது, ஆனால் அது ஆப்பிரிக்காவில் உள்ள சின்னக் குழந்தைகளுக்கு. இருபத்தாறு வயது எஞ்சினியருக்கு இல்லை. இதையெல்லாம் சொன்னதும் பையன் முகம் கொஞ்சம் மாறியது.

கம்பெனி என்ன கொடுத்தது என்று கேட்டேன். லேப்டாப், விசா, விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ் கார்டு, அப்புறம் பயண விதிகள் என்று ஒரு பெரிய பிடிஎஃப். அதைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். ரிட்டையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை. டாக்ஸி பில் எப்படித் தர வேண்டும், துணி வெளுக்க வாரத்துக்கு எவ்வளவு, ரசீது தொலைந்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. மலேரியா என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. உலகத்து மலேரியா நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இருக்கிற நாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் எழுதிய விதிமுறை இது. எச்.ஆருக்கு மெயில் போடச் சொன்னேன். "உங்கள் குடும்ப டாக்டரைக் கலந்துகொள்ளவும்" என்று ஒரு வரி பதில் வந்தது.

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு மட்டும் இவ்வளவு கரிசனம் எப்படி வந்தது? காரணம் எளிது. அந்தப் புத்தகம் இல்லாமல் நைஜீரியாவிலிருந்து திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே நிறுத்தித் தனியாக வைத்துவிடுவார்கள். கேட்டில் ஒருவன் நின்று கேட்கிறான், அதனால் செய்கிறார்கள். மலேரியாவுக்கு எந்த கேட்டிலும் யாரும் நிற்பதில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்ல 1993-க்குப் போக வேண்டும். இந்தப் பக்கத்தில் சைட் கதைகள் நிறைய எழுதியிருக்கிறேன். இதை மட்டும் இதுவரை எழுதவில்லை.

அப்போது நான் ஒரு பாய்லர் எரெக்‌ஷன் கம்பெனியில் சீனியர் சூப்பர்வைசர். ஒரிசாவின் உள்நாட்டில், மலையும் காடுமாக இருந்த ஒரு மாவட்டத்தில் அனல் மின் நிலைய வேலை. நம் துவாக்குடி, திருவெறும்பூர் பக்கத்துப் பையன்கள்தான் வெல்டர்கள். ஹை பிரஷர் வெல்டிங் என்றால் அந்தக் காலத்தில் இந்தியா முழுக்க நம் ஆட்களைத்தான் தேடுவார்கள். கோரமண்டலில் ஏறி, புவனேஸ்வரில் இறங்கி, அங்கிருந்து பஸ். சைட்டில் அவர்களுக்குத் தகர ஷெட். ஷெட்டைச் சுற்றி அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளங்கள், கான்கிரீட்டை நனைக்கத் தேக்கிய தண்ணீர், கொஞ்சம் தள்ளி ஓர் ஓடை. எங்களைப் போன்ற ஸ்டாஃபுக்கு மட்டும் ஜன்னலில் கம்பிவலை அடித்த குவார்ட்டர்ஸ்.

வெல்டிங் வேலை தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஜாயின்ட் போட்டதும் ரேடியோகிராஃபி எடுத்துப் பார்க்க வேண்டும். கதிர் வீச்சு என்பதால் பகலில் ஆட்கள் நடமாடும்போது எடுக்க முடியாது, ராத்திரியில்தான் எடுப்பார்கள். ஃபிலிமில் குறை தெரிந்தால் விடிவதற்குள் வெட்டித் திரும்பப் போட வெல்டர் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். மலேரியா கொசுவான அனாஃபிலிஸ் கடிக்கிற நேரமும் அதுவேதான், அந்தியிலிருந்து விடியற்காலை வரை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். இது ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற கொசு.

ஸ்டோரில் ஹெல்மெட் இருந்தது, சேஃப்டி ஷூ, சேஃப்டி பெல்ட், கையுறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் இருந்தது. கொசுவலை இல்லை. நான் 150 வலைக்கு இண்டென்ட் போட்டேன். இது டூல்ஸா, கன்ஸ்யூமபிளா, வெல்ஃபேரா என்று பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். வெல்ஃபேர் என்று எழுதி அனுப்பினேன். வெல்ஃபேர் கணக்கில் பணம் இல்லை என்று மறுபடி வந்தது. மூன்றாவது முறை அனுப்பவில்லை. பாய்லர் ஹைட்ரோ டெஸ்ட் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த மும்முரத்தில் விட்டுவிட்டேன். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அதற்கு முந்தைய லீவில் ஊருக்கு வந்தபோது எனக்கு மட்டும் ஒரு வலை வாங்கிப் போய்க் கட்டிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு ஒரு குரூப் ஊருக்குக் கிளம்பியது. அதில் ஒரு பையன், இருபத்து நான்கு வயது, கல்யாணம் ஆகி எட்டு மாதம். அவன் போட்ட ஜாயின்ட்டில் ரிப்பேர் என்று ஒன்று வருவதே அபூர்வம். என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவான், அவன் அம்மாவுக்குத் தென்காசிப் பக்கம். ஊருக்கு வந்து நான்காம் நாள் அவனுக்குக் காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டார்கள். விட்டுவிட்டு வந்தது. டைஃபாய்டாக இருக்கும் என்று மாத்திரை மாற்றினார்கள். எந்த ஊரிலிருந்து வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, இவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஏழாம் நாள் பிதற்றல், வலிப்பு. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஃபால்சிபாரம், மூளையைத் தாக்கிவிட்டது. மறுநாள் போய்விட்டான்.

சைட் கேட்டில் ஒரு போர்டு இருந்தது. "விபத்து இல்லாத நாட்கள்" என்று எழுதி, கீழே எண்ணை மாற்றுகிற மாதிரி. தந்தி வந்த அன்று அதில் 211. மறுநாள் காலை செக்யூரிட்டி வழக்கம்போல ஏணியில் ஏறி 212 ஆக்கினான். நான் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

பதினைந்து நாள் கழித்து ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். "மேற்படி நபர் விடுப்பில் இருந்தபோது சொந்த ஊரில் காய்ச்சலால் இறந்தார். பணியிடத்தில் விபத்து எதுவும் நிகழவில்லை." டைப் செய்தே அனுப்பியிருந்தார்கள். ஒரு வரிகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு பி.எஃப். பணமும், நாங்கள் எல்லோரும் போட்ட வசூல் பணமும் கிடைத்தது. நஷ்டஈடு என்று எதுவும் இல்லை.

அப்போது இருந்தது 1923-ஆம் வருடத்து நஷ்டஈட்டுச் சட்டம். வேலையால், வேலையின்போது ஏற்பட்ட விபத்து என்றால் கொடுக்க வேண்டும் என்றது. அட்டவணையில் உள்ள தொழில்நோய் என்றாலும் கொடுக்க வேண்டும் என்றது. ஈயம், பாதரசம் என்று பெயர் சொல்லி ஒரு பட்டியலே இருந்தது. மலேரியாவுக்கு அங்கே பெயர் இல்லை. தொற்று அபாயம் உள்ள வேலை என்று பொதுவாக ஒரு வரி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு வாதாட வக்கீலும் வேண்டும், வருடங்களும் வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு என்று 1979-இல் தனியாக வந்த சட்டமோ நல்ல தங்குமிடம், இலவச மருத்துவ வசதி, பாதுகாப்பு உடை எல்லாம் காண்ட்ராக்டர் தர வேண்டும் என்றது. தகர ஷெட் தங்குமிடம் ஆயிற்று. எந்தக் காய்ச்சலுக்கும் ஃபர்ஸ்ட் எய்டு அறையில் கொடுத்த நான்கு குளோரோகுயின் மாத்திரை மருத்துவ வசதி ஆயிற்று. குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரத்தை 1973-லேயே அஸ்ஸாமில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு 2019 மார்ச்சில் பேப்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. உங்களில் சிலர் படித்திருக்கலாம். அஸ்ஸாமில் இருந்த ஒருவர் மொசாம்பிக்கில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு மேனேஜராகப் போனார். 2012-இல் அங்கேயே மலேரியா மூளையைத் தாக்கி இறந்துபோனார். வீட்டுக் கடனோடு சேர்த்து விபத்து இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார். கொசு கடிப்பதும் எதிர்பாராத விபத்துதான், பணத்தைக் கொடு என்று மாவட்ட, மாநில, தேசிய நுகர்வோர் மன்றங்கள் மூன்றும் குடும்பத்தின் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் மாற்றிச் சொல்லிவிட்டது. மொசாம்பிக்கில் மூன்று பேரில் ஒருவருக்கு மலேரியா வருகிறது. அப்படிப்பட்ட நாட்டில் கொசு கடித்து மலேரியா வந்தால் அதை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது, ஆகவே அது விபத்து இல்லை என்றார்கள். ஏற்கெனவே கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். அந்த ஈரத்துக்கு ஒரு கும்பிடு.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பாலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் நீதிமன்றம் பார்க்க முடியும், அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு முதலாளி பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கே மலேரியா வருவது எதிர்பார்க்கக்கூடியது என்றால், அனுப்புகிறவன் அதை எதிர்பார்த்திருக்க வேண்டாமா? தெரிந்தே அனுப்பிவிட்டு, வந்தபின் "அது அவன் விதி" என்று எப்படிச் சொல்லலாம்? இன்ஷூரன்ஸ்காரனிடம் போனால் எதிர்பார்த்ததுதானே, விபத்து இல்லை என்கிறான். கம்பெனியிடம் போனால் யாருக்குத் தெரியும் இப்படி ஆகும் என்று, எங்கள் பொறுப்பு இல்லை என்கிறது. ஒரே சாவை ஒருவன் தெரிந்தது என்கிறான், இன்னொருவன் தெரியாதது என்கிறான். இரண்டு பதிலிலும் குடும்பத்துக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

தெரியாது என்கிற பேச்சே நிற்காது. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்ட் ராஸ் கண்டது 1897-இல், நம் செகந்திராபாத்தில். பனாமாவில் பிரெஞ்சுக்காரர்கள் கால்வாய் வெட்டப் போய் 20,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்பது பொதுவான கணக்கு, பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும். பின்னால் வந்த அமெரிக்கர்களின் டாக்டர் கோர்காஸ் ஜன்னலுக்கு வலை அடித்தார், தேங்கிய தண்ணீரை வடித்தார், வடிக்க முடியாததில் எண்ணெய் ஊற்றினார். கால்வாய் முடிந்தது. இது நூற்றிருபது வருடத்துக் கதை. அவ்வளவு தூரம் போவானேன், 2017-லிருந்து ஒடிஷா அரசு கிராமம் கிராமமாக மருந்து ஊட்டிய வலைகளை லட்சக்கணக்கில் கொடுத்து, வீட்டுக்கு வீடு ரத்தம் பார்த்து, சில வருடங்களிலேயே மலேரியாவைப் பெருமளவு இறக்கிக் காட்டியது. நான் 150 வலை வாங்க முடியாத அதே மாநிலத்தில்.

இதைப் பேசினால் என் பழைய சகாக்கள் சிலர் கோபிக்கிறார்கள். போன மாதம் பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "கொசு எங்கே கடிச்சதுன்னு யாருக்கு சார் தெரியும்? ஊர்ல கடிச்சிருக்கலாமே!" நியாயமான கேள்விதான். ஆனால் ஃபால்சிபாரம் காய்ச்சல் சாதாரணமாகக் கடித்து ஏழு நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் வரும், சில சமயம் இன்னும் தள்ளியும் வரும். ஊருக்கு வந்து நான்காம் நாள் படுத்தவனுக்கு எங்கே கடித்திருக்கும்? தமிழ்நாட்டில் மலேரியா பெரும்பாலும் சென்னையிலும் கடலோர ஊர்களிலும்தான் இருந்தது, அதுவும் வைவாக்ஸ் என்கிற, உயிரை அவ்வளவு சுலபமாக எடுக்காத வகை. திருவெறும்பூர் பக்கத்தில் ஒருவனுக்கு ஃபால்சிபாரம் என்றால் அதில் ஊர் பெயர் எழுதியே வந்திருக்கிறது.

இன்னொருவர் சொன்னார், "வலை குடுத்தா மட்டும் கட்டிக்குவானுங்களா? புழுக்கமா இருக்குன்னு வெளிய படுப்பானுங்க. இல்லேன்னா வித்துத் தின்னுடுவானுங்க." ஐயா, ஹெல்மெட்டையும் முதலில் யாரும் போடவில்லை. தலை அரிக்கிறது என்றார்கள், தண்ணீர் மொண்டு குளித்தார்கள். போட மாட்டார்கள் என்று நாம் வாங்காமல் இருந்தோமா? ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடாதே என்று கேட்டில் ஆளை நிறுத்தினோம். ஆறு மாதத்தில் பழகியது. ஷெட்டில் ஃபேனும், கட்டுவதற்கு நாலு ஆணியும் கொடுத்திருந்தால் வலையும் பழகியிருக்கும். ஒரு ஜோடி சேஃப்டி ஷூவின் விலைகூட ஆகாத சாமான் அது.

"படிச்ச பையன், அவனே பாத்துக்க மாட்டானா" என்பது மூன்றாவது பேச்சு. மஞ்சள் புத்தகத்தைக் காட்டி மலேரியா ஊசி என்று சொன்னவனும் படித்தவன்தான். போதாததற்கு அங்கே முன்பே போனவர்கள், "நாங்க மாத்திரையெல்லாம் போடறதில்ல, ஒண்ணும் ஆகல" என்று இவனுக்கு வாட்ஸ்அப்பில் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயே பிறந்து, சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப மலேரியா வந்து தேறியவர்கள் உடம்பில் ஓரளவு எதிர்ப்பு இருக்கும். அவர்கள் சும்மா இருப்பதைப் பார்த்து உறையூரில் வளர்ந்தவனும் சும்மா இருக்கக் கூடாது.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆளை அனுப்பும் முன் பயண மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் கம்பெனி செலவில் உட்காரவைக்க வேண்டும். மலேரியா வராமல் தடுக்க மாத்திரைகள் இருக்கின்றன. குறுகிய பயணத்துக்கு டாக்ஸிசைக்ளின், ஆறு வாரத்துக்கு மேல் என்றால் மெஃப்ளோகுயின் என்று நம் நாட்டு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆனால் எது யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது வெல்டிங். முக்கியமாக, இந்த இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் போட வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டோமே என்று நிறுத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தங்குமிடத்தில் வலை. சைட்டில் உடனே ரத்தம் பார்க்கிற கிட். திரும்பி வருகிறவன் சட்டைப்பையில் ஒரு அட்டை: "நான் மலேரியா உள்ள ஊரிலிருந்து வந்திருக்கிறேன். காய்ச்சல் என்றால் முதலில் ரத்தம் பார்க்கவும்." அந்த ஒரு அட்டை 1993-இல் இருந்திருந்தால் கிளினிக்கில் முதல் நாளே ரத்தம் எடுத்திருப்பார்கள்.

அப்புறம் அந்த போர்டு. வேலைக்குப் போன இடத்தில் வந்த காய்ச்சலால் ஒருவன் செத்தால், அவன் எந்த ஊரில் செத்தாலும், போர்டில் எண் மறுபடி பூஜ்யத்துக்கு வர வேண்டும். அது வராத வரைக்கும் எந்த அக்கவுண்டன்ட்டும் வலைக்குக் கையெழுத்துப் போட மாட்டான். இது நான் உள்ளே இருந்து பார்த்தது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகள், அதாவது அவன் அம்மா, நிலவேம்புக் குடிநீர்ப் பொடி அரைக்கிலோ கட்டி வைத்திருந்தாள். "இது போதாதா மாமா?" என்றாள். குடிக்கட்டும் அம்மா, நான் தடுக்கவில்லை, ஆனால் அதை நம்பி வலையை விட்டுவிடக் கூடாது என்றேன். திங்கட்கிழமை அவனை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்து, எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்று தேதி போட்டுக் கொடுத்தார். கம்பெனிக்கு பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எந்தத் தலைப்பில் போடுவது என்று கேட்டு வரும், பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துக் கரூர் போய் மருந்து ஊட்டிய வலை ஒன்று வாங்கி வந்தேன். கரூரில் செய்கிற வலைகள் மூட்டை மூட்டையாக ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். உண்மைதான். இங்கிருந்து எண்பது கிலோமீட்டரில் இருக்கிற ஊர்.

நேற்று ராத்திரி சூட்கேஸை எடை போட்டார்கள். 23 கிலோவுக்கு மேல் ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது. அக்கா மகள் வலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் அதை உள்ளே வைத்துவிட்டு, ஆவக்காய் பாட்டில் இரண்டையும் வெளியே எடுத்தாள்.